தட்டினால் விழும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சு பாதியில் அறுந்து நிற்கும் இடத்தில் போடுகிற நீளக் கோட்டுக்கு ஆல்ட் 0150 (ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு, கீபோர்டின் வலப்பக்க நம்பர் பேடில் அந்த எண்ணை அடிப்பது) என்று எழுதியிருந்தேன். மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். "0150 குட்டைக் கோடு. 1995–2005 என்று வருஷங்களுக்கு நடுவே போடுவது. நீளக் கோட்டுக்கு 0151. இத்தனை காலம் அச்சுக்கூடத்தில் இருந்தவர் இதைத் தப்பாகச் சொல்லலாமா?" சொல்லக் கூடாதுதான். ஈய எழுத்துக் காலத்தில் இந்த இரண்டு கோட்டையும் மாற்றிப் போட்டதற்காக எங்கள் ஃபோர்மேன் குச்சியாலேயே கையில் வைத்திருக்கிறார். அட்டையைப் படித்தபோது அந்த இடம் லேசாக வலித்தது.

இனி இந்த இதழ்க் கடிதங்கள்.

● ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு 8377 அடித்தால் ரூபாய்க் குறி வரும் என்று பையன் சொன்னான். வேர்டில் வருகிறது. நாங்கள் பில் போடுகிற மென்பொருளில் அதையே அடித்தால் ╣ என்று ஜன்னல் கம்பி மாதிரி ஒன்று விழுகிறது. கம்ப்யூட்டரில் கோளாறா?
(ஜவுளிக் கடைக் கணக்கர், ஈரோடு)

கோளாறு ஒன்றும் இல்லை. பழைய முறையில் எழுதிய மென்பொருளுக்கு 0 முதல் 255 வரை மொத்தம் 256 அறைகள்தான் தெரியும். நீங்கள் 8377 என்று சொன்னால் அது முழிக்காது. 256-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளும். 256-ஐ 32-ஆல் பெருக்கினால் 8192. மீதி 185. ஐபிஎம் காலத்துப் பட்டியலில் 185-ஆவது அறையில் உட்கார்ந்திருப்பது இந்த ╣. அந்த நாளில் திரையில் கட்டம் கட்டுவதற்காக வைத்த கோட்டுத் துண்டு. கணக்கர் நீங்கள், இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், இனி ஜன்னல் கம்பியைக் கண்டால் கோபம் வராது.

வேர்டு அப்படியில்லை. எண்ணை முழுசாக வாங்கிக்கொண்டு யூனிகோடு பட்டியலில், அதாவது உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்த பொதுப் பட்டியலில், 8377-ஆவது இடத்தில் தேடும். அங்கே ₹ இருக்கிறது.

ஆனால் இந்த எண்ணையெல்லாம் நீங்கள் மனப்பாடம் பண்ண வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழி என்ற பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் இந்தியா' கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கத்து ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு 4. அவ்வளவுதான். புதிய கீபோர்டுகளில் 4-இன் மூலையில் ₹ அச்சடித்தே வருகிறது. பலர் அதைப் பார்த்து அமுக்கிப் பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள். காரணம், கீபோர்டு அமெரிக்க இங்கிலீஷில் நிற்கும். அந்தப் பட்டியலில் வலது ஆல்ட்டுக்கு அந்த வேலை கிடையாது.

எக்ஸெல்லில் இன்னொரு தொல்லை. தொகைக்கு முன்னால் நீங்களாக ₹ அடித்தால், சில கணினிகளில் அது தொகையை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்துவிடும்; கீழே கூட்டுத்தொகையில் சேராது. எண்ணை மட்டும் அடித்துவிட்டு, கன்ட்ரோல் 1 தட்டி, கரன்சியில் ₹ தேர்ந்தெடுங்கள். குறி தானாக ஒட்டிக்கொள்ளும், எண் எண்ணாகவே இருக்கும்.

ரூபாய்க் குறி என்றதும் எனக்கு ஒரு தீபாவளி ஞாபகம் வருகிறது. மத்திய அரசு இந்தக் குறியை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15. வரைந்தவர் உதயகுமார், நம்மூர்க்காரர். மும்பை ஐஐடியில் தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். யூனிகோடில் இடம் கிடைத்தது அதே வருஷம் அக்டோபரில், 6.0 பதிப்பில். ஆனால் எங்கள் ஊர் டிடிபி சென்டர் கம்ப்யூட்டருக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் ஒரு தற்காலிக ஏற்பாடு இருந்தது. தனியாக ஒரு ரூபாய் ஃபான்ட் இலவசமாகக் கிடைத்தது. டேப் கீக்கு மேலே, மேலே சாய்ந்த ஒரு சின்னக் கீற்று (`) இருக்கிறதே, அந்தக் கீயைத் தட்டினால் அந்த ஃபான்ட்டில் ₹ தெரியும்.

தெரியும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது கீற்றுதான்.

ஒரு துணிக்கடைக்கு விலைப் பலகை. பதினாலடிக்கு எட்டடி. நான் என் கம்ப்யூட்டரில் அழகாக அடித்து, பென் டிரைவில் போட்டு, பக்கத்து ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர்களிடம் அந்த ஃபான்ட் இல்லை. மறுநாள் கடை வாசலில் பலகை ஏறிவிட்டது. முதலாளி ஃபோன் பண்ணினார்: "என்னய்யா, ஒவ்வொரு விலைக்கு முன்னாடியும் ஒரு கொசு உக்காந்திருக்கு?" போய்ப் பார்த்தேன். `499. `799. `1,250. பதினாலடியில் கொசு உள்ளங்கை அளவு இருந்தது. என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கும் இணையத்தில் பழைய டெண்டர் ஆவணங்களில், விலைப்பட்டியல்களில் அந்தக் கொசுவைப் பார்க்கலாம். எழுதியவருக்கு ரூபாயாகத் தெரிந்திருக்கும்.

● ₹ போடுவதா, ரூ. போடுவதா? 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் 'ரூ' போட்டதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் தினமும் சண்டை.
(பெயர் வேண்டாம், சென்னை)

சண்டையில் நான் இல்லை. இரண்டும் படிப்பவருக்குப் புரியும். தட்டச்சுக்காரனாக ஒன்று மட்டும் சொல்வேன்: ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். சண்டைக்கு மூன்றாவது ஆள் வேண்டுமென்றால், தமிழுக்கென்றே பழைய ரூபாய்க் குறி ஒன்று உண்டு: ௹. நம் தாத்தாக்கள் நோட்டுப் புத்தகத்தில் போட்டது. யூனிகோடில் 2003-இலேயே, 4.0 பதிப்பில் ஏறிவிட்டது, ₹-க்கு ஏழு வருஷம் முன்னால். வேர்டில் ஆல்ட் 3065.

● நான் பத்திர எழுத்தர். எங்கள் வேலையில் 'மேற்படி' என்ற சொல் பக்கத்துக்கு இருபது தடவை வரும். என் தகப்பனார் கையால் எழுதும்போது ஒரே சுழியில் முடிப்பார். கம்ப்யூட்டரில் எப்படி?
(மயிலாடுதுறை)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் இந்த மேற்படிச் சுழி பத்திரக்காரர்களால்தான் பிழைத்துக் கிடக்கிறது. ௸ சொத்து, ௸ கிராமம், ௸யார் என்று எழுதிய பழைய பத்திரம் இல்லாத வீடு தஞ்சைப் பக்கம் இருக்காது.

எண் 3064. வேர்டில் நம்பர் பேடில் ஆல்ட்டோடு அடித்தால் ௸ விழும். இதன் அக்கம்பக்கத்துக்காரர்களும் உங்களுக்கு வேண்டியவர்கள்தான்: நாளுக்கு ௳ 3059, மாதத்துக்கு ௴ 3060, வருஷத்துக்கு ௵ 3061, பற்றுக்கு ௶ 3062, வரவுக்கு ௷ 3063, 'நம்பர்' என்பதற்கு ௺ 3066. வரிசையாகவே இருப்பதால் 3059-ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும்: நாள், மாதம், வருஷம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண்.

ஆனால் பக்கத்துக்கு இருபது தடவை நாலு எண் அடிக்க உங்களுக்கென்ன தலையெழுத்தா? வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் என்று போங்கள். 'மாற்று' என்ற கட்டத்தில் 'மேப' என்று அடியுங்கள். 'இதனால்' என்ற கட்டத்தில் ௸ ஒட்டுங்கள். இனிமேல் 'மேப' அடித்து ஸ்பேஸ் தட்டினால் ௸ ஆகிவிடும். 'மேப' என்று தமிழில் தனிச் சொல் எதுவும் இல்லாததால் தைரியமாக வைக்கலாம். ஒரு முறை ஒரு நண்பர் 'மேல்' என்பதையே சுருக்காக வைத்துவிட்டு, 'மாடியின் மேல் தளம்' என்று அடித்ததெல்லாம் 'மாடியின் ௸ தளம்' ஆகி, பதிவுக்குப் போகிற அன்று காலையில் உட்கார்ந்து திருத்தினார்.

ஃபான்ட் விஷயம்: விண்டோஸோடு வருகிற நிர்மலா யூஐ-யில் இவை எல்லாம் இருக்கின்றன. வேறு ஃபான்ட்டில் வெறும் கட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஃபான்ட் செய்தவர் மேற்படிக்கு ஈயம் ஊற்றவில்லை என்று அர்த்தம். ஆனால் பத்திரத்தை அடுத்தவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கொசுக் கதை நினைவிருக்கட்டும்.

கடிதத்தின் பின்பக்கத்தில் மா, காணி, முந்திரி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மா என்றால் 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019-இல் யூனிகோடு 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் சாதாரண ஃபான்ட்டில் தெரியாது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்ற ஃபான்ட்டை இறக்கிப் போட்டுக்கொண்டு, வேர்டில் இன்செர்ட், சிம்பல் வழியாகப் பொறுக்கி எடுங்கள். இன்றைய பத்திரத்தில் இவற்றைப் போட வேண்டாம். பழைய பத்திரத்துக்கு நகல் எழுதும்போது மட்டும் போதும்.

● கேக் வகுப்பு நடத்துகிறேன். 180-க்கு மேலே டிகிரிக்காகச் சின்ன பூஜ்யம் போடத் தெரியவில்லை.
(கோயம்புத்தூர்)

ஆல்ட் 0176. பூஜ்யத்தைச் சின்னதாக்கி மேலே தூக்கி வைக்கிற குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். குறிப்பை வாட்ஸப்பில் ஒட்டும்போது சின்னது பெரிதாகி 1800 ஆகிவிடும். அடுப்பு என்ன, செங்கல் சூளையா?

● லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லை. மேல் வரிசை எண்ணில் அடித்தால் எதுவும் வரவில்லை.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

மேல் வரிசையில் வராது தம்பி. இந்த வித்தை நம்பர் பேடுக்கு மட்டும்தான், அதிலும் 'நம் லாக்' (Num Lock) விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். உனக்கு மூன்று வழி. ஒன்று, விண்டோஸ் கீயோடு முற்றுப்புள்ளியைத் தட்டு. விண்டோஸ் 10-இலும் 11-இலும் ஒரு பெட்டி திறக்கும். சிரிப்பு மூஞ்சிகளைத் தாண்டினால் குறிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கும். இரண்டு, வேர்டில் 20பி9 என்று அடித்து (பி-யை ஆங்கிலத்தில்) உடனே ஆல்ட்டோடு எக்ஸ் தட்டு, ₹ ஆகும். இது யூனிகோடு எண்ணின் பதினாறடிமான வடிவம், எல்லாக் குறிக்கும் ஒன்று உண்டு. மூன்று, திரையில் தெரிகிற கீபோர்டைத் திறந்து அதில் நம்பர் பேடை வரவழைப்பது. மூன்றாவதைச் சும்மா எண்ணிக்கைக்குச் சொன்னேன், எனக்கே பொறுமை கிடையாது.

● ஆல்ட் 171 அடித்தால் ½ வருகிறது. 0171 அடித்தால் « வருகிறது. முன்னால் போடுகிற பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்றுதானே கணக்கில் படித்தோம்?
(அதே மாணவர்)

நல்ல கேள்வி, இதைத் தனியாகவே கேட்டிருக்கலாம். இங்கே பூஜ்யம் எண் இல்லை, விலாசம். 1981-இல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை விட்டபோது, கீபோர்டில் இல்லாத குறியை ஆல்ட்டோடு எண் அடித்துக் கொண்டுவர வழி வைத்தது. அதற்கு ஒரு பட்டியல். 437 என்று பெயர். கோடு, கட்டம், சீட்டுக்கட்டு ஹார்ட்டின் கூட அதில் உண்டு. பின்னால் விண்டோஸ் வந்தபோது மைக்ரோசாஃப்ட் 1252 என்று வேறொரு பட்டியல் கொண்டுவந்தது. பழைய எண்ணைப் பழக்கிக்கொண்டவர்களை விரட்டவும் முடியாது, புதுப் பட்டியலையும் விட முடியாது. அதனால் பூஜ்யம் இல்லாமல் அடித்தால் பழைய வீடு, பூஜ்யத்தோடு அடித்தால் புது வீடு என்று முடிவானது. ஒரே கதவு எண், தெரு வேறு. பழைய தெருவில் ½-க்கு 171, புதுத் தெருவில் 0189. டிகிரிக்குப் பழையது 248, புதியது 0176.

எது நல்லது என்றால், பூஜ்யத் தெரு. கால் 0188, அரை 0189, முக்கால் 0190 என்று ஒழுங்காக இருக்கும். பெருக்கல் 0215, வகுத்தல் 0247, பதிப்புரிமைக் குறி © 0169. பழைய தெருவில் எதைத் தேடினாலும் அலைச்சல்.

ஒரு எச்சரிக்கை: தமிழ்க் கீபோர்டில் இருந்துகொண்டு இந்த எண்களை அடிக்காதே. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு அடி.

● நான் கணித ஆசிரியர். வினாத்தாள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறேன். பெருக்கல் அடையாளம் போடப் போனால் ஏதோ தமிழ் எழுத்து விழுகிறது. பிள்ளைகள் சோதனைக்கு நடுவில் எழும்பிக் கேட்கிறார்கள்.
(யாழ்ப்பாணம்)

ஐயா, உங்கள் பக்கம் பாமினிக்கு இருக்கிற செல்வாக்கு எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்குள்தான் இந்தப் பகுதியின் மொத்த வம்பும் இருக்கிறது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் 1979-இல் அச்சுக்கூடத்தில் சேர்ந்தபோது எழுத்தெல்லாம் மரக் கேஸில் சின்னச் சின்ன அறைகளில் கிடக்கும். 'க' அறை, 'ங' அறை என்று கை தானாகப் போகும். வேலை முடிந்ததும் எழுத்தைப் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். புதுப் பையன் 'ண' அறையில் 'ன'வைப் போட்டுவிட்டால், அடுத்து கோக்கிறவன் பார்க்காமலே 'ன'வை எடுத்துக் கோத்துவிடுவான். அவன் மேல் தப்பில்லை. அவன் எடுத்தது 'ண' அறையிலிருந்து.

பாமினியும் அதற்கு முன்பின் வந்த பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் செய்தது இதைத்தான், வேண்டுமென்றே. ஆங்கில எழுத்துகளுக்கு என்று கம்ப்யூட்டர் ஒதுக்கிய அறைகளைக் காலி செய்து, அதில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்தன. ஆங்கில 'எஃப்' அறையில் 'க'. அப்போது வேறு வழி கிடையாது, கம்ப்யூட்டர் அந்த அறைகளைத்தான் கொடுத்தது. ஆங்கில எழுத்து அறைகள் போதாமல் குறிகளின் அறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் 0215 அடிக்கும்போது கம்ப்யூட்டர் நேர்மையாக 215-ஆவது அறையைத் திறக்கிறது. அங்கே பெருக்கல் இல்லை, ஒரு தமிழ் எழுத்து குடியிருக்கிறது.

இன்றைக்கு, வினாத்தாள் அவசரத்துக்கு: விழுந்த அந்த ஒரு எழுத்தை மட்டும் தெரிவு செய்து, அதன் எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் போல ஒன்றுக்கு மாற்றுங்கள். × ஆகிவிடும். உள்ளே இருந்த எண் சரியானதுதான், சட்டை மட்டும் தப்பு. ஒரு வினாத்தாளுக்குப் பத்து அடையாளம் என்றால் இப்படி ஓட்டலாம்.

பின்னம், வர்க்கமூலம் எல்லாம் வருகிறதென்றால் வேர்டில் ஆல்ட்டோடு சமன் அடையாளத்தைத் தட்டுங்கள். சமன்பாட்டுப் பெட்டி ஒன்று திறக்கும். அதற்குத் தனி எழுத்துரு, பாமினி அதற்குள் நுழையாது.

அடுத்த தவணையிலாவது முழு வினாத்தாளையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியிலிருந்து மாற்றித் தருகிற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழுக்கு 1991-இலிருந்தே யூனிகோடில் சொந்த அறைகள் இருக்கின்றன. வாடகைக்கு இருக்க வேண்டியதில்லை. விரல் பழக்கம் போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். பாமினி கீ வரிசையிலேயே யூனிகோடு அடிக்கவும் மென்பொருள் உண்டு.

● பேரனுக்குக் கல்யாணம். பத்திரிகை நானே அடித்து அச்சுக்குக் கொடுக்க ஆசை. மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் பழைய முறையில் வருஷம், மாசம், தேதி. பேத்தி தமிழ் எண்களை எப்படியோ போட்டுக் கொடுத்தாள். பிழை இருக்கிறதா பாருங்கள்.
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

முதலில் வாழ்த்து. பிள்ளையார் சுழிக்கென்று தனிக் குறி தேட வேண்டாம், 'உ' அடியுங்கள். கீழே ஒற்றைக் கோடு வேண்டுமென்றால் கன்ட்ரோல் யூ. இரட்டைக் கோடு போடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி. பிள்ளையார் எதையும் ஏற்றுக்கொள்வார்.

தேதி வரி இப்படி வரலாம்: 'நிகழும் மங்களகரமான விசுவாவசு ௵ ஆவணி ௴ 20 ௳'. தமிழ் எண்ணில் இருபது ௨௰. ௨ 3048, ௰ 3056. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். பூஜ்யம் போட்டு ௨௦ என்றும் இப்போது எழுதுகிறார்கள்; அதற்கான ௦ யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். கல்யாணப் பத்திரிகைக்கு நான் ௰-ஐத்தான் போடுவேன்.

பேத்தி போட்டதில் ஒரு பிழை இருக்கிறது. எட்டு என்ற இடத்தில் அவள் அடித்திருப்பது 'அ' என்ற எழுத்து. எண் ௮ வேறு, எழுத்து அ வேறு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அதே மாதிரி ௧-வும் 'க'வும், ௨-வும் 'உ'வும், ௭-வும் 'எ'யும். காகிதத்தில் அச்சானால் யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் ஃபான்ட் மாற்றும்போது சில ஃபான்ட்டுகளில் எண் வேறு உயரத்தில் நிற்கும், ஒன்று மட்டும் தலை தூக்கிக்கொண்டு தெரியும். ஒன்று முதல் ஒன்பது வரை 3047-இலிருந்து 3055 வரை. பேத்தியிடமே திருத்தச் சொல்லுங்கள், கோபிக்காமல்.

● மேக்கில் டிகிரி?
(பெங்களூரு)

ஆப்ஷன், ஷிஃப்ட், 8. மற்றக் குறிகளுக்குக் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ்: பட்டியலே திறக்கும்.

● மகளுக்கு ஔவை என்று பெயர் வைத்தோம். ஒரு விண்ணப்பத்தின் நிலை பார்க்கப் போனால், தமிழில் பெயரைப் போட்டுத் தேடும்போது 'பதிவு இல்லை' என்கிறது. அச்சடித்துக் கொடுத்த சீட்டில் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை அலைந்துவிட்டேன்.
(தாயார், நாகர்கோவில்)

அம்மா, அந்தச் சீட்டில் இருக்கிற முதல் எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது 'ஔ' இல்லை என்று நினைக்கிறேன். 'ஒ'வும் 'ள'வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: ஒளவை. படிக்கிற மனிதருக்கு வித்தியாசமே தெரியாது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் 'ஒ போட்டு ள போட்டால் ஔ' என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? பதிவு செய்தவரும் அப்படியே அடித்திருப்பார், பாவம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய கை என்றால் கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு ஔ என்பது ஒரே எழுத்து, எண் 2964. ஒ 2962, ள 2995. நீங்கள் தேடுவது 2964-இல் தொடங்கும் ஒரு பெண். அவர்களிடம் இருப்பது 2962, 2995 என்று தொடங்கும் வேறு ஒரு பெண்.

சோதிக்கச் சுலபமான வழி உண்டு. கம்ப்யூட்டரில் பெயருக்கு முன்னால் கர்சரை வைத்து, வலப்பக்க அம்புக்குறியை ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். ஒரே தாவில் ஔ-வைத் தாண்டிவிட்டால் சரி. நடுவில் நின்றால் இரண்டு எழுத்து. 'கௌ'வும் இதே வம்புதான்: கௌதம் என்பதைக் 'கெளதம்' என்று அடித்திருப்பவர்கள் ஊரில் பாதிப் பேர். 'ஸ்ரீ' இன்னும் மோசம். 2005-இல் 'ஶ' என்ற எழுத்து யூனிகோடில் வந்த பிறகு, பார்க்க ஒன்றாகவே இருக்கிற ஸ்ரீ-யை இரண்டு விதமாக அடிக்க முடிகிறது.

சரியான ஔ-வுக்குத் தமிழ்99 என்கிற கீபோர்டு வரிசையில் இஸட் கீ. இன்ஸ்கிரிப்ட் வரிசையில் ஷிஃப்ட்டோடு க்யூ. ஆங்கில ஒலியில் அடிக்கிறவர்களுக்கு ஏ, யூ.

நாலாவது தடவை போகும்போது சண்டை போடாதீர்கள். திருத்த விண்ணப்பம் பிறகு கொடுக்கலாம். முதலில் 'ஒ', 'ள', 'வை' என்று தனித்தனியாக அடித்துத் தேடச் சொல்லுங்கள். குழந்தை அங்கேதான் இருப்பாள்.